மேலே நிற்பவளுக்கு ஒரு டார்ச்

எய்யா,

கழுகுமலை பஸ் கண்டக்டரிடம் வாங்கிய பையில் காரச்சேவோ ஊறுகாயோ இருக்கும் என்று நினைத்துக் கையை விட்டிருப்பாய். இரண்டு டார்ச்சுதான் இருக்கும், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே அதை உன் பெண்டாட்டி கவிதாவிடம் காட்டுவாய். சிரித்து முடித்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ "சரிம்மா சரிம்மா" என்று சொல்லியே என் வாயை மூடிவிடுவாய். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் தோள்வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் புது வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் நீயே இறங்கி, விரிசலை அடைத்து, உள்ளே பூச்சு அடிக்கப் போவதாகச் சொன்னாய். புது வீடு என்று நீ சொல்கிறாய், யாரோ கட்டி, யாரோ வாழ்ந்து, விற்றுவிட்டுப் போன பழைய வீடு அது. தொட்டி அடுக்களைக்குக் கீழே இருக்கிறது என்றும் சொன்னாய். ஆளை விட்டுச் செய்யப்பா என்றேன். அதற்கு நீ, இதெல்லாம் போனில் படம் போட்டுக் காட்டுகிறார்கள், அரை நாள் வேலை என்றாய். வெளிச்சத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து கவிதா, "நான் மேல நின்னு போன் லைட்டக் காட்டுதேன் அத்தே" என்றாள். அந்தப் பிள்ளை ஆசையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அவள் சொன்ன இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அதனால்தான்.

என் கல்யாண வாழ்க்கையை ஒரே வேலையாகச் சொல்லச் சொன்னால், உன் அப்பாவுக்கு வெளிச்சம் காட்டியதைத்தான் சொல்வேன். சோறு ஆக்கியதெல்லாம் அப்புறம்தான். ஃபேன் நின்றால் அவர் ஸ்டூலில் ஏறுவார், நான் கீழே நின்று காட்ட வேண்டும். மோட்டார் மக்கர் பண்ணினால் அவர் குனிவார், நான் மேலே நின்று காட்ட வேண்டும். எப்படிக் காட்டினாலும் அது தப்பு. திருப்புளியில் காட்டினால் திருகாணியில் காட்டவில்லை என்பார். திருகாணியில் காட்டினால் கண்ணில் அடிக்கிறது என்பார். "எங்கனட்டி காட்டுத?" என்று அவர் கேட்காத ரிப்பேர் வேலை இந்த வீட்டில் நடந்ததே இல்லை. வேலை செய்கிறவருக்காவது நட்டு கழன்றதும் ஒரு திருப்தி வரும். காட்டுகிறவளுக்குக் கைவலியும் வசவும்தான் மிச்சம். போன வருடம் மாடியில் நீ குழாயைக் கழற்றியபோது உனக்கும் நான்தான் பிடித்தேன். நீயும் திரும்பிப் பார்க்காமலே, "அம்மா, என் கையில காட்டாத, நட்டுல காட்டு" என்றாய். அப்படியே அப்பன் குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது கவிதாவை நினைத்தால் அந்தச் சிரிப்பு வரவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டார்ச்சுக்குக் காசைப் போட மனது வராது. கரண்டு போனால் மற்ற ஊரில் டார்ச்சைத் தேடுவார்கள். நம் ஊரில் தீப்பெட்டியைத் தேடக்கூட வேண்டாம், கையை நீட்டினால் ஒன்று இருக்கும். அடுக்களை மாடத்தில், சாமி படத்துக்குக் கீழே, டிவிக்கு மேலே, சட்டைப் பையில் என்று எங்கும் தீப்பெட்டிதான். உன் அப்பா தீப்பெட்டி ஆபீசில் போர்மேனாக இருந்த காலத்தில் நம் வீட்டில் உப்பு தீர்ந்திருக்கலாம், தீப்பெட்டி தீர்ந்ததில்லை. உனக்குத் தெரியும், நானும் கல்யாணத்துக்கு முன்னே அங்கே பெட்டியில் குச்சி அடைத்தவள்தான். ஆபீசுக்குள் நுழையும்போது யாரும் நெருப்புப் பொருள் கொண்டுபோகக் கூடாது. மருந்து கலக்கும் அறைச் சுவரில் சிவப்பாகத் தீக்கொழுந்து வரைந்திருப்பார்கள். கேட்டில் நின்று சோதித்து, மடியில் பீடிக்காகத் தீப்பெட்டி வைத்திருந்த ஆளை அன்றைக்கே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய போர்மேன் உன் அப்பா. அந்த விஷயத்தில் அவர் யாருக்கும் இரங்கியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கரிசல் மண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும், மழை பெய்தால் உப்பும். மேலே கட்டியிருக்கும் வீட்டை அது பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த வருடக் கோடையில் நம் வீட்டுத் தொட்டி எங்கோ விரிசல் விட்டுவிட்டது. குழாயில் தண்ணீர் வருவதே அதிசயமாக இருந்த நாள்கள் அவை. பிடித்து நிரப்பிய தண்ணீர் இரண்டு நாளில் மண்ணுக்குள் போய்விட்டால் வயிறு எரியாதா? ஐப்பசி மழை தொடங்கியது. மறுநாள் தெருவுக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று சொன்னார்கள். தொட்டி காலியாகக் கிடக்கிறது, இதை விட்டால் சமயம் கிடைக்காது என்று உன் அப்பா ஒரு தகர டின்னை வாங்கி வந்துவிட்டார். விரிசலுக்கு அடிக்கிற ஏதோ பெயிண்டு. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தது. டின்னில் சிவப்பாக ஒரு தீக்கொழுந்துப் படம் போட்டிருந்தது. அதை நான் பார்த்தேன், அவரும் பார்த்திருப்பார்.

நம் தொட்டியின் வாய் ஹாலில் இருக்கிறது, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் இருக்கும். உள்ளே நடுவில் ஒரு தடுப்புச்சுவர், சுவரில் குனிந்து போகிற மாதிரி ஒரு திறப்பு, அதற்கு அந்தப்பக்கம் இன்னொரு அறை. விரிசல் அந்த இரண்டாவது அறையில்தான் இருந்தது. ஒயரில் ஒரு பல்பைக் கட்டி இறக்கிக்கொண்டு, பட்டன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். அந்தப் போனின் தலையிலும் ஒரு சின்ன விளக்கு உண்டு. போதாதா என்றார். அப்போது வீட்டுக்கே அது ஒன்றுதான் போன். நான் தொட்டி வாயில் உட்கார்ந்து அவர் கேட்பதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு வைக்கும் நேரம். சாமி விளக்கை ஏற்றட்டுமா என்று நான் கேட்கவில்லை, அந்த வாடையில் எனக்கே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. சொன்னால் வசவு விழும், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

கரண்டு போனது. தெரு முழுக்கப் போய்விட்டது. உள்ளே அவர் முணுமுணுக்கிறது கேட்டது, பிறகு ஏதோ "டொப்" என்று விழுந்தது. அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் போன் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு அவர் கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஏட்டி, அந்தத் தீப்பெட்டியத் தூக்கிப் போடு."

எய்யா, தீப்பெட்டி அதற்குள் என் கையில் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன். கரண்டு போனதும் கை தானாகப் போய்விட்டது, அப்படிப் பழகிய கை. ஒரு குச்சியை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துவிட்டேன். இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் தொட்டி வாயிலிருந்து அந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. டின்னில் இருந்த படம் ஞாபகம் வந்தது, ஆபீஸ் சுவரில் இருந்த படமும் ஞாபகம் வந்தது. குச்சியைக் கீழே போட்டேன். கையில் பெட்டி இருந்தால் என் கையை நானே நம்ப முடியாது என்று தோன்றி, வாசல்வரை தடவிக்கொண்டே போய், பெட்டியை மழைக்குள் விட்டெறிந்தேன். திரும்பி வந்து, "தீப்பெட்டி தரமாட்டேன். இருந்த இடத்துல இருங்க" என்றேன். அவர் கேட்டு நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் உள்ளேயிருந்து என்னை என்னென்னவோ திட்டினார். திட்டத் திட்ட நாக்கு குழறுவது எனக்குக் கேட்டது. வாடை தலைக்கு ஏறியிருந்தது.

நான் பேசிக்கொண்டே இருந்தால் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். "இங்கன வாங்க, இங்கன" என்று கூப்பிட்டேன். அவரோ, "எங்கன இருந்துட்டி பேசுத?" என்றார். தொட்டிக்குள் குரல் நாலு சுவரிலும் மோதி எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறது. அவர் தடுப்புச்சுவரின் திறப்பை விட்டுவிட்டு எதிர்ச்சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடக் கூப்பிட அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. கத்தி ஆள் கூப்பிடலாம் என்றால் மழைச்சத்தத்தில் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ஓடிப்போய்க் கூட்டி வந்தாலும் அவர்கள் கையில் என்ன கொண்டுவருவார்கள்? தீப்பெட்டிதான் கொண்டுவருவார்கள்.

வீட்டில் ஒரு டார்ச் இருந்தது. நீ பத்தாவது படிக்கையில் வாங்கிய, ஒரே பென்சில் செல் போடுகிற சின்ன டார்ச். டிவி மேசை இழுப்பறையில் கையை விட்டு எடுத்துவிட்டேன். தூக்கியதுமே தெரிந்துவிட்டது, லேசாக இருந்தது. உள்ளே செல் இல்லை. அது எங்கே போனது என்றும் எனக்குத் தெரியும். ஹால் கடிகாரம் நின்றதும், கடைக்குப் போகிறவரைக்கும் என்று சொல்லி உன் அப்பா அதைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டார். மணி ஓடாத வீடு அவருக்கு ஆகாது. அதன்பின் அவர் கடைக்கு எத்தனையோ தடவை போனார், டார்ச்சை மறந்துவிட்டார். ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் டார்ச்சிலிருந்து செல் உருவாத வீடு எங்கே இருக்கிறது சொல்? கடிகாரம் நின்றால் எல்லோருக்கும் தெரிகிறது, டார்ச் வெறுமனே கிடந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

அந்த இருட்டில் எனக்குக் கேட்ட நல்ல சத்தம் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும்தான். அதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். சுவரைத் தடவிக் கடிகாரத்தைக் கழற்றினேன், முதுகில் விரலை விட்டுச் செல்லை உருவினேன். இருட்டில் செல் கைதவறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நல்லவேளை, விழவில்லை. டார்ச்சில் தலைகீழாகப் போட்டு, எரியாமல், திருப்பிப் போட்டதும் எரிந்தது. தொட்டி வாயில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தடுப்புச்சுவரின் திறப்பைக் குறிபார்த்துப் பிடித்தேன். "வெளிச்சம் தெரியுதா?" என்றேன். மறுபடி கேட்டேன். கொஞ்சநேரம் கழித்துத் திறப்பில் ஒரு கை வந்தது, பிறகு தலை வந்தது. வெளிச்சம் அவர் முகத்திலும் சுவரிலும் மாறிமாறி அடித்தது. அன்றைக்கு ஒரு நாள்தான், எங்கே காட்டினாலும் அவர் திட்டவில்லை.

ஏறி வந்து, வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகத் திரும்பி உள்ளே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கடிகாரம் சத்தத்தக் காணோமே, நின்னுபோச்சோ?" என்றார். எய்யா, எனக்கு அழுகையும் வந்தது, அவரை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் வந்தது.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பெயிண்டை ஒதுக்கிவிட்டு வேறு வாங்கி, பகலில், ஆளை வைத்துப் பூசினார். யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, லேசா கிறுகிறுன்னு வந்துச்சு, ஏறி வந்துட்டேன்" என்பார். பொய் இல்லை, அவர்தான் ஏறி வந்தார். நான் வெளிச்சம் காட்டினேன், அவ்வளவுதான். காட்டுகிறவளின் வேலை அப்படித்தான், வேலை முடிந்ததும் அவள் அங்கே இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. சண்டை போடுகிற தெம்பு எனக்கு இல்லை. அலுத்துவிட்டது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று காத்திருக்கிறது. இந்த வலது தோளைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. இப்போதும் அவர் ஸ்டூலில் ஏறினால் நான்தான் போய் நிற்கிறேன். ஆனால் கழுகுமலைக்கு வந்து உன் தொட்டி வாயில் என்னால் நிற்க முடியாது. அது தெரிந்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

நீ இறங்கத்தான் போகிறாய். சொன்னால் கேட்கிற வயதைத் தாண்டிவிட்டாய். சரி, இறங்கு. ஆனால் மூடியைத் திறந்து ஒரு பகல் முழுக்கக் காற்றாட விட்டுவிட்டு இறங்கு. வாடையடிக்கிற பூச்சு வேண்டாம், சிமெண்டு மாதிரி கரைத்துப் பூசுவது கிடைக்கிறது என்கிறார்கள், கடையில் கேள். தலை லேசாகச் சுற்றினாலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்துவிடு, பூச்சு காய்ந்தால் காயட்டும். நீ ஏறாமல் உள்ளேயே விழுந்துவிட்டால் கவிதா பின்னாலேயே குதிக்கக் கூடாது, கத்தி ஆளைக் கூட்ட வேண்டும், அதை இப்போதே அவளிடம் சொல்லிவை. ஒயரில் பல்பு கட்டி ஈரத்துக்குள் இறக்காதே. போனை நம்பாதே, அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், நழுவினால் தண்ணீருக்குள் போகும், அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள். பெரிய டார்ச்சில் கயிறு கட்டியிருக்கிறேன், அதைக் கழுத்தில் மாட்டிக்கொள். தொட்டிக்கு மட்டும் இல்லை, பரணில் ஏறினாலும், மீட்டர் பெட்டியைத் திறந்தாலும், மோட்டாரைக் கழற்றினாலும் இதேதான். வேலை பாதியில் இருக்கும்போதுதான் வெளிச்சம் போகும், கை இரண்டும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது தேடுகிற டார்ச் டார்ச்சே இல்லை.

சின்ன டார்ச் உனக்கு இல்லை. அது கவிதாவுக்கு. கவிதா, இதை நீயே படி தாயீ. அவன் கீழே என்ன வெளிச்சம் வைத்திருந்தாலும் உன் கையில் உனக்கென்று ஒன்று இருக்க வேண்டும். அவன் வெளிச்சம் போனால், அவன் வெளியே வர வழி நீதான். அவன் கேட்டான் என்று அதைக் கீழே எறிந்துவிடாதே. அவன் கத்துவான், திட்டுவான், அப்பன் பிள்ளைதானே. உனக்கு ஒன்று சரியில்லை என்று பட்டால் வசவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிராதே, நான் இருந்த மாதிரி. நீ, எய்யா, அவள் எங்கே காட்டினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள். அவள் உன் நட்டைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதை எழுதும்போது உன் அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். தொட்டி விஷயம் என்றேன். பேப்பரை மடக்கி வைத்தார். நான் அடுக்களைக்குப் போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டு வந்தேன். அவர் பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து, சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி பையில் வைத்துக்கொண்டிருந்தார். "நீ போட்ட செல்லு பழசு. மங்கலா எரியுது. நல்லதா மாத்திட்டேன்" என்றார். புதுச் செல் வீட்டில் ஏது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஹாலில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். டிக் டிக் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், கடிகாரம் நின்றிருந்தது. முந்தாநாள்தான் அவர் கடைக்குப் போய்க் கடிகாரத்துக்குப் புதுச் செல் வாங்கிப் போட்டிருந்தார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் பையை அவரே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது மணி என்ன என்று தெரியவில்லை.

அம்மா